டேங்கில் மிஞ்சிய மருந்து

அத்தியாயம் பதினான்கு

அனந்தியைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் வருகிறவர்களுக்கு ஒரு சுருக்கம்.

மேல்சித்தாமூர் ரத்னத்தின் மனைவி அனந்தி. செஞ்சி வட்டாரத்துச் சிறு விவசாயிகள் நாற்பத்தொரு பேர் சேர்ந்து நடத்தும் உழவர் கம்பெனியில் அவள்தான் பதிவுக்காரி. விதை, எரு, தண்ணீர், அறுப்பு என்று ஒவ்வொரு வயலிலும் நடப்பதை அவள் கைபேசியில் ஏற்றுவாள். கம்பெனியை ஆரம்பித்து வைத்த படித்த பிள்ளைகள் அதற்கு பிளாக்செயின் என்று பெயர் சொன்னார்கள். ஊர் வாயில் அது ‘சங்கிலி’ ஆகிவிட்டது. ஒரு நோட்டு ஒரு பீரோவில் இருந்தால் தாளைக் கிழித்துவிடலாம். சங்கிலி அப்படியில்லை. ஒரே பதிவு கம்பெனியிலும், நெல் வாங்குகிறவரிடமும், சோதனைச் சாலையிலும், இன்னும் பல இடங்களிலும் ஒரே சமயத்தில் இருக்கும். ஏற்றியதை யாராலும் அழிக்க முடியாது. தப்பு என்றால் அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டைவிரல் வேண்டும். ஒன்று வயல்காரருடையது. மற்றது சாட்சியாகப் பக்கத்து விவசாயி ஒருவருடையது.

போன வருடம் சங்கிலி இல்லை. மருந்தடிக்காத நெல் என்று சொல்லி அனுப்பிய லோடில் ஏதோ ஒரு மூட்டையில் பூச்சிமருந்து இருப்பதாகச் சோதனையில் வந்தது. யார் வீட்டு மூட்டை என்று கண்டுபிடிக்க வழியில்லை. மொத்த லோடும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை தூயமல்லி நெல், செஞ்சி திண்டிவனம் ரோட்டுக் கிடங்கில், மூட்டைக்கு ஒரு எண் கட்டி, அடுக்கியாகிவிட்டது. சென்னையிலிருந்து, நெல் வாங்கும் சிவசங்கரின் லாரி வியாழன் மதியம் மூன்று மணிக்கு வரும்.

அந்த வியாழன் இதுதான். காலை மணி ஏழு.

பின்கட்டுக் குழாயடியில் அனந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரத்னத்தின் வீடும் அவன் அண்ணன் ஜினதாஸின் வீடும் முன்பக்கம் இரண்டு வாசல், பின்பக்கம் ஒரே குழாய். ஜினதாஸின் மனைவி மருதேவி குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

“இன்னாடி அனந்தி, இன்னிக்கி ஒன் நெல்லு மெட்ராஸ் போவுதாமே?”

“ஆமாங்க்கா. மூணு மணிக்கு வண்டி.”

“போவட்டும் போவட்டும். மணி எல்லாம் நல்லா கெட்டியா கீதுன்னு ஊரே சொல்லுது. யாரால கெட்டியாச்சுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.”

“யாரால?”

“எங்க வூட்டுக்காரரு, ஒங்க மாமாவாலதான். நீங்க ரெண்டு பேரும் ஒங்கம்மா கண் ஆபரேசனுக்குப் பாண்டிச்சேரி போனீங்களே மார்கழியில, அப்ப கதிருல பூச்சி ஒக்காந்து பாலெல்லாம் உறிஞ்சிகினு இருந்துது. அவரு எங்க வயலுக்கு அடிச்சிட்டு டேங்க்ல மிச்சம் இருந்தத ஒங்க வயலுக்கும் அடிச்சி வுட்டாரு. இல்லன்னா நீ பதரத்தான் மூட்டை கட்டியிருப்ப!”

அனந்தியின் கையிலிருந்து தட்டு நழுவிக் குழாயடிக் கல்லில் விழுந்தது.

மருதேவி பயந்துவிட்டாள். “அய்ய, இன்னாடி இப்ப? நல்லதத்தானே செஞ்சாரு?”

நல்லதுதான். ஆனால் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிய மறுநாள் சங்கிலியில் ஏறிய வரி அனந்திக்கு மனப்பாடமாகத் தெரியும். ‘கதிர்ப் பருவம். மருந்து அடிக்கவில்லை.’ வயல்காரர் ரத்னம். சாட்சி ஜினதாஸ். ஏற்றியவள் அவள்.

ரத்னம் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வாளியை அப்படியே கீழே வைத்தான்.

“அண்ணனா?”

“அக்கா வாயால சொன்னாங்க. பெருமையாச் சொல்றாங்க.”

மாடு வாளியை முட்டியது.

“ஒம்போது மூட்டைதானே அனந்தி. இருநூத்திப் பன்னெண்டுல ஒம்போது. யாருக்குத் தெரியப் போவுது?”

“சென்னையில சோதிப்பாங்க.”

“ஒரு மூட்டை ரெண்டு மூட்டைதான் பிரிச்சிப் பாப்பாங்க. அது நம்முளுதாவே இருக்கணுமா?”

“மாட்டலன்னா?” என்றாள் அனந்தி. “மருந்தே இல்லன்னு நம்பி யாரோ கொழந்தைக்குக் கஞ்சி வைப்பாங்க. அதுல என் விரலும் இருக்குதுங்க.”

ரத்னம் அவளைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வா, போய்க் கேப்போம்” என்றான்.

ஜினதாஸ் அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. கம்பெனியில் சேரவில்லை, ஆனாலும் ஊர் ‘நயினார்’ என்று அழைக்கும் அவர் வாக்குக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இன்னும் பதினொரு வயல்களுக்கு அவரைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள்.

“ணா, மார்கழியில என் வயலுக்கு மருந்து அடிச்சியா?”

“இல்லியே.”

“அண்ணி சொன்னாங்க.”

“அது மருந்தடிச்சதா?” ஜினதாஸுக்கு நிஜமாகவே ஆச்சரியம். “என் வயலுக்கு அடிச்சேன். அரை டேங்க் மிஞ்சிச்சு. அத ஒன் வயல்ல விட்டேன். மிச்சம் விடறதும் மருந்தடிக்கறதும் ஒண்ணா?”

“மிஞ்சினத எங்கியாவது ஊத்தியிருக்கக் கூடாதா மாமா?” என்றாள் அனந்தி.

“எங்கம்மா ஊத்தறது? வாய்க்கால்ல ஊத்துனா தவளை, மீனு, நண்டு அத்தினியும் சாவும். அந்தப் பாவம் யாருக்கு? வீட்டுக்கு எடுத்தாந்தா மாடு வாய் வைக்கும். கலந்த மருந்த எதனா ஒரு பயிருலதான் முடிக்கணும். எங்க நைனா காலத்துலேர்ந்து அப்பிடித்தான்.”

அனந்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தவளை சாகக் கூடாது என்று நினைத்த மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

“அப்ப சாட்சி விரல் ஏன் மாமா வச்சீங்க?”

“நீ கேட்டது ‘மருந்து அடிச்சாங்களா’ன்னு. தம்பி அடிக்கல. நானும் அடிக்கல. மிச்சம்தானே…” சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. தான் சொல்வது தனக்கே சரியாகக் கேட்கவில்லை என்பது போல.

அனந்தி பொறுமையாகச் சொன்னாள். பழைய வரியை அழிக்க முடியாது. கீழே ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் சாட்சி சொன்னதைச் சாட்சியேதான் திருத்த முடியும். அவருடைய விரல் வேண்டும். கிடங்கில், லாரி ஏற்றுவதற்கு முன்னால்.

“நாப்பது பேரு முன்னாடி போய் நான் பொய் சொன்னேன்னு ரேகை வைக்கணுமா?” ஜினதாஸ் முகம் சிவந்தது. “இந்த ஊர்ல இதுவரிக்கும் ஒருத்தன் என்ன அந்த வார்த்தை கேட்டதில்ல. முடியாதும்மா.”



ரத்னம்தான் பேசினான், சத்தம் போடாமல். “சரிணா. நீ வரவேணாம். என் ஒம்போது மூட்டைய எறக்கி வைக்கச் சொல்லிடறேன். ஏன்னு கேட்டா நான்தான் திருட்டுத்தனமா அடிச்சேன்னு சொல்லிக்கறேன். நீ பாக்காம விரல் வச்சிட்டன்னு போவட்டும்.”

சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியை உதைத்தான். அது வழக்கம்போல முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை.

மூன்றாவது உதைக்குள் ஜினதாஸ் ஆணியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“இருடா. நீ பண்ணாதத நீ ஏண்டா சொல்ற?” என்று அதட்டியவர், பின்னால் ஏறி உட்கார்ந்தார். “ஓட்டு. மெதுவாப் போ.”

அனந்தி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாள்.

மதியம் இரண்டரைக்குக் கிடங்கு வாசலில் முப்பது பேராவது இருந்தார்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. லாரி அரைமணி முன்னதாகவே வந்து நின்றிருந்தது. சிவசங்கர் நெல் வாங்கும் நிறுவனத்தின் ஆள், முப்பது வயதுக்காரர். மூட்டை எண்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரையும்விடப் பளிச்சென்று இருந்தவர் தனகோட்டி. ரத்னத்தின் வயலை ஒட்டி நாற்பது சென்ட் வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. காரணம் இருந்தது. அரிசிப் பாக்கெட்டில் அச்சடித்த கியூஆர் கட்டத்தைக் கைபேசிக்குக் காட்டினால், அந்த நெல்லை விளைவித்தவரின் பெயரும் படமும் வரும். போன மாதம் மாதிரிக்காகக் கொஞ்சம் அரிசி போனபோது, சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகள் கலைவாணி ஒரு கடையில் அதைப் பார்த்துவிட்டாள். நடு ரோட்டிலிருந்தே போன் செய்தாள்.

“‘நைனா, நீ கடையில கீற!’ன்னா பாருங்க,” என்று தனகோட்டி இருபதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “நாப்பது வருசமா நெல்லு விக்கறேன். தின்னவன் எவனுக்கும் என் பேரு தெரியாது. இப்ப மூஞ்சியே தெரியுது!”

“அதனாலதான் விக்கலயாம்,” என்றார் பக்கத்திலிருந்த ஒருவர். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் ஜினதாஸ் போய் நின்றார். நேராகச் சிவசங்கரிடம் போனார். அவர் வாயால்தான் சொன்னார். அனந்தியையோ ரத்னத்தையோ பேச விடவில்லை.

“சார், நூத்திப் பத்துலேர்ந்து நூத்திப் பதினெட்டு வரிக்கும் என் தம்பி மூட்டை. அதுல மருந்து பட்டிருக்குது. அவனுக்குத் தெரியாது. நான்தான் விட்டேன். விட்டுட்டு, இல்லன்னு சாட்சியும் வச்சேன்.”

சிரிப்பு நின்றது. போன வருடம் எல்லோர் முகத்திலும் திரும்ப வந்தது.

அனந்தி ரேகை மெஷினை நீட்டினாள். ஜினதாஸ் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவில்லை. வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார். எடுக்கவில்லை.

“பொய்க்கு ஒரே தடவையில எடுத்துச்சும்மா இந்தச் சனியன்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

நான்காம் முறை மெஷின் கீச்சென்றது. ரத்னமும் விரலை வைக்க, பழைய வரிக்குக் கீழே புது வரி ஏறியது.

சிவசங்கரின் திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு எண்களில் ஒன்பது மட்டும் சிவப்பாக மாறின. மற்றவை பச்சையாகவே இருந்தன. தனகோட்டி அவர் தோள்மேல் எட்டிப் பார்த்தார்.

“அவ்ளோதானா சார்? மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் ஏத்தலாம்,” என்றார் சிவசங்கர். “ஒவ்வொரு மூட்டையும் எந்த வயல்னு தெரியுதே. போன வருஷம் தெரியல, அதனாலதான் எல்லாத்தையும் திருப்பினாங்க. இந்த ஒம்போத சாதா மார்க்கெட்டுக்குப் போடுங்க.” பிறகு ஜினதாஸைப் பார்த்துக் கைகூப்பினார். “ரொம்ப நன்றி ஐயா. சோதனையில நாங்க கண்டுபிடிச்சிருந்தா சங்கிலியையே நம்ப மாட்டாங்க. நீங்களே சொன்னதால இனிமே நம்புவாங்க.”

ஜினதாஸுக்கு அந்தக் கும்பிடை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு ஐயா. இன்னும் பதினோரு வயலுக்கு நீங்க சாட்சி. அதுல எதுலயாவது…?”

ஜினதாஸின் பார்வை ஒரு கணம் தனகோட்டியின் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தது. உடனே கீழே இறங்கியது.

“இல்ல சார்.”

அனந்தி ரேகை மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவள் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு லாரி கிளம்பியது. யாரோ எல்லோருக்கும் டீ சொன்னார்கள். போன வருடம் இதே இடத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த இரண்டு பேர், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவலூர்பேட்டைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி அனந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நீ ஒவ்வொரு தபாவும் வந்து, எரு எப்போ போட்ட, தண்ணி எப்போ வுட்டன்னு கேக்கறப்பல்லாம் ஒன்ன நான் திட்டியிருக்கேன் கண்ணு. மனசுக்குள்ளதான். மன்னிச்சுக்கோ.”

“வெளியவும் திட்டினீங்கம்மா,” என்றாள் அனந்தி. அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கோபித்துக்கொண்டு உட்காராத தன் கணவனையும், கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்ட மாமாவையும் நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒன்பது மூட்டை போனது பெரிதாகப் படவில்லை.

மாலை ஐந்தரை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது சமணர்களான அந்த இரண்டு வீட்டிலும் வழக்கம். விளக்கு வைத்த பிறகு சோறு கிடையாது. அன்றைக்கு மருதேவி தன் வீட்டிலேயே எல்லோருக்கும் இலை போட்டாள். பூசணிக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். காலையில் வாய் விட்டதற்குப் பரிகாரம் போல அனந்தியின் இலையில் நெய்யை இரண்டு தடவை ஊற்றினாள்.

“நான் சொல்லாம இருந்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சே இருக்காது, பாத்துக்கோ. அப்பவும் என் வாய்தான் ஒதவிச்சு,” என்றாள்.

“அந்த வாய்க்கும் ஒரு ரேகை மெஷின் வைக்கணும் அண்ணி,” என்றான் ரத்னம்.

ஜினதாஸ் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பசிக்கவில்லை போலிருக்கிறது என்று அனந்தி நினைத்தாள்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. தனகோட்டி. அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

“சாப்புடுங்க, சாப்புடுங்க. எழுந்துக்காதீங்க. இத்தக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.” கட்டை வாசற்படியில் வைத்தார். “நயினாரே, அங்க கூட்டத்துல சொல்ல முடியல. ஒங்க மானத்த விட்டு எங்க நெல்லக் காப்பாத்தினீங்க. வயித்துல பால வாத்தீங்க. என் ஏழு மூட்டையும் வண்டி ஏறிச்சு. கலைவாணிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அந்தக் கடைக்கு வந்தவொடனே படத்த எடுத்து அனுப்புறேன்னுது.”

ஜினதாஸின் கை இலையில் நின்றது.

வெளியே தென்னை மட்டைகளின் நுனியில் மட்டும் வெயில் இருந்தது. இன்னும் பத்து நிமிடம் இருக்கும்.

“தனகோட்டி,” என்றார். “உள்ள வாய்யா.”

“இருக்கட்டும் நயினாரே.”

“வா. நின்னுகினே கேக்கற விசயமில்ல.”

தனகோட்டி உள்ளே வந்தார். உட்காரவில்லை. ஜினதாஸ் இலையைப் பார்த்தே பேசினார்.

“தம்பி வயல முடிச்சும் டேங்க் காலியாவல. அவன் வரப்புக்கு அந்தாண்ட ஒன் வயலு. அதுலயும் பூச்சி இருந்துது. நல்லதுதானேன்னு விட்டேன். மத்தியானம் அந்த ஆளு கேட்டப்ப சொல்ல வாய் வந்துது. நீ சட்டையெல்லாம் போட்டுகினு நின்னுகினு இருந்த. என்னால முடியல.”

மருதேவி நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ரத்னம் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். அனந்திக்கு இலையிலிருந்த சோறு மங்கலாகத் தெரிந்தது. நூற்றுப் பத்தொன்பதிலிருந்து நூற்றிருபத்தைந்து வரை. திரையில் பச்சையாகப் பார்த்த ஏழு எண்கள். லாரி இந்நேரம் திண்டிவனம் தாண்டியிருக்கும்.

தனகோட்டி கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

“ஏழும்?” என்றார்.

“ஏழும்.”



“போன் போடுங்க நயினாரே,” என்றார் தனகோட்டி. “அதுல என் மூஞ்சி இருக்குது.”

அனந்தி எழுந்து கைபேசியை எடுத்தாள். சிவசங்கரின் எண்ணைத் தேடினாள். “நான் பேசறேன் மாமா. நீங்க சாப்புடுங்க.”

“குடும்மா. நான்தான் பேசணும்.”

“ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் பேசுங்களேன்,” என்றாள் மருதேவி. “பொழுது போவுது. அப்பறம் ராத்திரி பூரா பட்டினிதான்.”

ஜினதாஸ் இலையை மூடினார். கையைக் கழுவிவிட்டு, ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினார். காலையில் வர மாட்டேன் என்ற மனிதர், இப்போது வெளிச்சம் இருந்த வாசற்படியில், முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தனகோட்டி அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

மணி அடித்தது. இரண்டாவது தடவை அடித்தது. தென்னை நுனியில் இருந்த வெயில் போய்விட்டது.

“சொல்லுங்க ஐயா,” என்றது சிவசங்கரின் குரல். பின்னால் லாரிச் சத்தம்.

ஜினதாஸ் தொண்டையைச் செருமினார்.

“சார், வண்டிய ஓரமா நிறுத்துங்க. டேங்க்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துது.”